கிராத் (சிலாவியச் சொல்)

கிராத் என்பது சிலாவிய மொழிகள் பலவற்றில் வழங்கும் சொல் ஆகும். 'வேலியிட்ட இடம், அரண்' எனப் பொருள்படும் முதற்சிலாவியச் சொல்லான 'கோர்து' இதன் மூலம்.

செர்பிய, பல்கேரிய மொழிகளில் 'கிராத்', உருசியத்தில் 'கோரத்' என்றால் நகரம். செக் மொழியில் 'ஹிராத்' கோட்டையைக் குறிக்கும். நகரத்துக்கு 'மியெஸ்தோ' என்பர். உருசியத்திலோ 'மியெஸ்தோ' வெறும் 'இடம்'. ஒலி ஒத்திருப்பதை நம்பிப் பொருள் கொள்ளும் மாணவர் இங்கேதான் தடுக்கி விழுவர். உக்ரைனியத்தில் 'ஹொரோத்' காய்கறித் தோட்டம்! வேலியை நினைத்தால் இது வியப்பன்று. ஆங்கிலத்தின் 'கார்டன்', 'யார்டு' என்பனவும் இச்சொல்லுக்கு உறவே.

பெயோகிராத் (பெல்கிரேடு) 'வெண்ணகரம்', நோவ்கோரத் 'புதுநகரம்'. 1914-இல் சென் பீட்டர்சுபர்க்குக்குப் பெத்ரோகிராத் எனப் பெயரிட்டபோது, உருசியர் தம் பேச்சு வடிவை விட்டுத் திருச்சபைச் சிலாவிய வடிவையே எடுத்தாண்டனர்.