கூடுதல் விலைப் பெட்ரோலால் லாபம் உண்டா?

சென்னை அபிராமபுரத்தில் குடியிருக்கும் என் உறவினர் ஒருவருக்கு மதுராந்தகம் பக்கத்தில் நான்கு ஏக்கர் நஞ்சை உண்டு. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் ஊருக்கு வந்து போவார். நிலத்தைக் கவனித்துக்கொள்வது அவருடைய அக்காள் மகன். அவனிடம் ஒரு மொபெட்டும், முதுகில் சுமந்து மருந்து அடிக்கும் பெட்ரோல் விசைத் தெளிப்பானும் இருக்கின்றன.

சென்ற சொர்ணவாரிப் பட்டத்தில் இலைச்சுருட்டுப் புழு தலைகாட்டிய நேரத்தில் தெளிப்பான் கிளம்பவில்லை. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலித்ததுதான் மிச்சம். "மாமா, நீங்கள் காருக்குப் போடுகிற உசத்திப் பெட்ரோலையே இனி இதற்கும் வாங்கி ஊற்றட்டுமா?" என்று கேட்டான். "தாராளமாக ஊற்று மாப்பிள்ளை. லிட்டருக்கு எட்டு ரூபாய்தானே கூட" என்றார் அவர்.

அந்த எட்டு ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது என்று அவரைக் கேட்டேன். "வண்டி நன்றாக இழுக்கும், இன்ஜின் நெடுநாள் வரும் என்கிறார்கள்" என்றார். பெட்ரோல் பங்கில் "சாதாவா, பிரீமியமா?" என்று கேட்கும்போது நம்மில் பலருக்கும் இதற்கு மேல் தெரிவதில்லை. மொபெட்டும், தெளிப்பானும், சிறு பம்புசெட்டும், காய்கறி ஏற்றிப் போக ஒரு பழைய வேனும் வைத்திருக்கும் விவசாயிகள் இன்று ஏராளம். ஆகவே விஷயத்தைச் சற்று விவரமாகவே பார்ப்போம்.

ஆக்டேன் என்பது சக்தி அல்ல

எக்ஸ்பி95, ஸ்பீடு, பவர் என்று பல பெயர்களில் விற்கும் கூடுதல் விலைப் பெட்ரோலில் இரண்டில் ஒன்றோ, இரண்டுமோ இருக்கும். ஒன்று, ஆக்டேன் எண் அதிகமாக இருப்பது. மற்றொன்று, இன்ஜினுக்குள் அழுக்குப் படியாமல் தடுக்கும் மருந்து சேர்த்திருப்பது.

ஆக்டேன் எண் அதிகமானால் பெட்ரோலில் சக்தி அதிகம் என்று எண்ணுவது தவறு. சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து வருகின்றன. பிஸ்டன் மேலேறி அக்கலவையை அழுத்துகிறது. பிளக்கில் பொறி தட்டியதும் தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சீராகப் பரவவேண்டும். வைக்கோற்போரின் ஒரு முனையில் பற்றிய தீ வந்து சேருமுன்பே மறுமுனை சூட்டினால் தானாகப் பற்றிக்கொண்டால் எப்படி இருக்கும்? அதுபோன்ற கோளாறு சிலிண்டருக்குள் நிகழும்போதுதான் இன்ஜினில் 'டக் டக்' என்று தட்டும் சத்தம் கேட்கிறது. இப்படித் தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெட்ரோல் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்பதைக் காட்டுவதே ஆக்டேன் எண்.

இதற்கு நம் கழனியிலேயே உதாரணம் உண்டு. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் பம்புசெட்டைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மண்ணெண்ணெயின் ஆக்டேன் மிகவும் குறைவு. ஆனாலும் அந்த இன்ஜின் தட்டாமல் ஓடுகிறது. கலவையை அதிகமாக அழுத்தாத வகையில் அதைச் செய்திருப்பதே காரணம். அதே இன்ஜினில் 100 ஆக்டேன் பெட்ரோலை ஊற்றினாலும் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர்கூட அதிகமாக வராது. இன்ஜினின் அழுத்தம் எவ்வளவோ அதற்கேற்ற ஆக்டேன் இருந்தால் போதும். அதற்கு மேல் இருப்பது வீண்.

அமெரிக்காவில் மோட்டார் வாகனச் சங்கம் 2016-ல் இதைச் சோதித்துப் பார்த்தது. சாதாரண பெட்ரோலுக்கென்று செய்த கார்களில் உயர் ஆக்டேன் பெட்ரோலை ஊற்றி ஓட்டியதில் இழுவையிலும், மைலேஜிலும், புகையிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் இல்லை. தேவையில்லாமல் உயர்ந்த பெட்ரோல் வாங்கியதில் அந்நாட்டுக் கார்க்காரர்கள் ஓர் ஆண்டில் 210 கோடி டாலருக்கு மேல் வீணாக்கியதாகவும் அச்சங்கம் கணக்கிட்டது.

சாதாவும் இப்போது பழைய சாதா அல்ல

ஒரு காலத்தில் நம் நாட்டில் 87 ஆக்டேன், 93 ஆக்டேன் என்று இரு தரங்களில் பெட்ரோல் விற்றார்கள். ஆக்டேனை உயர்த்த ஈயம் கலந்த காலமும் உண்டு. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் 1995-ல் வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் நின்றது. சாதாரண பெட்ரோலின் தரம் பிறகு 91 ஆயிற்று.

இப்போது அந்த வேலையைச் செய்வது எத்தனால். அது நம் வயலிலிருந்து போகும் சரக்குத்தான். கரும்பாலையின் மொலாசஸ், கரும்புச் சாறு, மக்காச்சோளம், குருணை அரிசி இவற்றிலிருந்து எத்தனால் எடுக்கிறார்கள். 2003-ல் 5 சதம் கலப்பதில் தொடங்கி, 2022-ல் 10 சதத்தை எட்டி, 2025-ல் 20 சதம் ஆகிவிட்டது. எத்தனாலின் ஆக்டேன் ஏறக்குறைய 108. ஆகவே 20 சதம் கலந்த சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் 95-ஐத் தொட்டுவிட்டதாக மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் தெரிவித்தது. அப்படியானால், 95 என்ற எண்ணுக்காக லிட்டருக்கு எட்டு ரூபாய் அதிகம் கொடுப்பவர் எதை வாங்குகிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

எத்தனாலுக்கு ஒரு குறையும் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் ஒரு லிட்டர் எத்தனால் தரும். அதனால் மைலேஜ் சற்றுக் குறையும். பழைய கார்களில் 6 முதல் 7 சதம் வரையிலும், இரு சக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதம் வரையிலும் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட திட்ட அறிக்கை மதிப்பிட்டது. இதனால் கோபப்பட்டுத்தான் பலர் பிரீமியத்துக்குத் தாவுகிறார்கள். ஆனால் எத்தனால் இல்லை என்று தெளிவாக எழுதியிராவிட்டால், பிரீமியத்திலும் எத்தனால் இருப்பதாகவே கொள்ள வேண்டும். எத்தனால் இல்லாத பெட்ரோலையும் தனியாக விற்க வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ந் தேதி தள்ளுபடி செய்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

சாதா லிட்டர் 100 ரூபாய், பிரீமியம் 108 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். போட்ட பணம் திரும்பி வரவேண்டுமானால் மைலேஜ் 8 சதம் கூடவேண்டும். லிட்டருக்கு 50 கிலோ மீட்டர் ஓடும் மொபெட் 54 ஓட வேண்டும். 15 ஓடும் கார் 16.2 ஓட வேண்டும். பெட்ரோலை மாற்றியதால் மட்டும் இவ்வளவு கிடைப்பதில்லை.

மொபெட்டுக்கு மாதம் 15 லிட்டர் போடுகிறவருக்கு மாதம் 120 ரூபாயும், வருஷத்துக்கு 1,440 ரூபாயும் கூடுதல் செலவு. 266 ரூபாய் 50 காசு வீதம் ஐந்து மூட்டை யூரியா வாங்கியது போக நூறு ரூபாய் மீதி நிற்கும். அபிராமபுரத்து உறவினர் மாதம் 800 கிலோ மீட்டர் கார் ஓட்டுகிறார். அவருக்கு வருஷத்தில் 5,000 ரூபாய்க்கு மேல் போகிறது. 100 ஆக்டேன் பெட்ரோலோ 2020 டிசம்பரில் டில்லியில் அறிமுகமானபோதே லிட்டர் 160 ரூபாய். அது நம் விஷயமே அல்ல.

பிரீமியம் எவருக்குமே வேண்டாம் என்று சொல்லவில்லை. சில டர்போ கார்களுக்கும், அதிக அழுத்தத்தில் ஓடும் பெரிய மோட்டார் சைக்கிள்களுக்கும் உயர் ஆக்டேன் தேவை. அப்படியானால் வண்டியோடு வரும் புத்தகத்திலோ, பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ எழுதியிருக்கும். எழுதியிருந்தால் அதன்படி நடக்கவேண்டும், சிக்கனம் பார்க்கக் கூடாது. சாதாரண வண்டி மேட்டில் ஏறும்போது தட்டினால் பெட்ரோலை மாற்றுவதற்கு முன் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கரி படிந்திருக்கலாம், பிளக் பொருத்தமில்லாததாக இருக்கலாம், இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகலாம்.

அழுக்கு நீக்கும் மருந்து பொய்யல்ல. பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்செக்டர் உள்ள கார்களில் அதனால் ஓரளவு பயன் உண்டு. ஆனால் ஏர் ஃபில்டரில் மண் அடைத்துக்கொண்டும், டயரில் காற்று இறங்கியும் இருக்கும் வண்டிக்கு எந்த மருந்தும் உதவாது. நம் மண் சாலையில் முதலில் பார்க்கவேண்டியவை இந்த இரண்டும்தான்.

டிராக்டர் வைத்திருப்பவர்கள் கூடுதல் விலை டீசலைப் பற்றியும் கேட்கிறார்கள். டீசல் இன்ஜினில் பிளக் பொறி கிடையாது, ஆக்டேன் கணக்கும் கிடையாது. அங்கே ஃபில்டரைக் காலத்தில் மாற்றுவதும், டீசலில் தண்ணீர் சேராமல் பார்ப்பதுமே முக்கியம்.

தெளிப்பான் ஏன் கிளம்பவில்லை?

மெக்கானிக் தெளிப்பானின் டாங்கைக் கழற்றி, பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வைத்தார். சிறிது நேரத்தில் அடியில் தனியாக ஒரு படலம் தெரிந்தது. தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்த படலம் அது. நவரைப் பட்டத்தில் அடித்துவிட்டு, அரை டாங்க் பெட்ரோலோடு தெளிப்பானை மாட்டுக் கொட்டகையில் மாதக்கணக்கில் போட்டு வைத்திருந்தான் பையன்.

சாராயம் தண்ணீரோடு கலப்பதுபோல எத்தனாலும் தண்ணீரோடு எளிதில் கலக்கும். காற்றின் ஈரத்தைக்கூட இழுத்துக்கொள்ளும். தண்ணீர் ஓர் அளவுக்கு மேல் போனால் எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து, தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். இன்ஜினுக்குப் போகும் குழாயோ டாங்கின் அடியில்தான் இருக்கிறது. ஆகவே முதலில் உள்ளே போவது இந்தத் தண்ணீர்க் கலவை. இதைவிட மோசமான சங்கதி ஒன்று உண்டு. டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு நாம் கலக்கும் ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடு நின்றுவிடும். அடியில் இருப்பதில் ஆயில் இராது. தப்பித் தவறி இன்ஜின் கிளம்பிவிட்டால் வழுவழுப்பில்லாமல் ஓடிப் பிஸ்டன் தேய்ந்து பிடித்துக்கொள்ளும். அன்று கிளம்பாமல் போனதே அவனுக்கு நல்லதாயிற்று. எத்தனால் கலந்த பிரீமியத்தை ஊற்றி வைத்திருந்தாலும் இதே கதிதான்.

தெளிப்பான், களை வெட்டும் இயந்திரம், பெட்ரோல் பம்புசெட் வைத்திருப்பவர்கள் அன்றைய வேலைக்கு வேண்டிய பெட்ரோலை மட்டும் வாங்க வேண்டும். மாதக்கணக்கில் கேனில் சேர்த்து வைத்தால் பெட்ரோல் பிசுபிசுத்து, கார்புரேட்டரின் சிறு துவாரங்களை அடைக்கும். தீ ஆபத்தும் உண்டு. கேனைத் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தால் வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகே பெட்ரோல் பிடிக்கவேண்டும். டூ ஸ்ட்ரோக் இயந்திரமானால் லிட்டருக்கு எவ்வளவு ஆயில் என்பதை அதன் புத்தகத்தில் பார்த்துக் கலக்கவும். 1-க்கு 25 என்று இருந்தால் லிட்டருக்கு 40 மில்லி, 1-க்கு 50 என்றால் 20 மில்லி. 'பிரீமியம்தானே, ஆயில் குறைவாகப் போதும்' என்று ஒருவர் சொல்லக் கேட்டேன். அப்படிச் செய்தால் இன்ஜின் போய்விடும். ஃபோர் ஸ்ட்ரோக் இயந்திரத்தில் பெட்ரோலோடு ஆயில் கலக்கவே கூடாது.

பழைய இயந்திரங்களில் பெட்ரோல் குழாயும் ரப்பர் வாஷர்களும் எத்தனாலால் உப்பலாம், வெடிக்கலாம். விரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுப்போ வெடிப்போ தெரிந்தால் உடனே மாற்றுங்கள். அதிகச் செலவு ஆகாது.

பங்கில் போடும் பெட்ரோலின் மீது சந்தேகம் வந்தால் கேட்க உரிமை உண்டு. அளவில் சந்தேகமானால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். ஃபில்டர் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். சுத்தமான பெட்ரோல் கறையின்றி ஆவியாகிவிடும். அடர்த்தியையும் அளந்து, அன்றைய பதிவோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லலாம். இதற்கெல்லாம் காசு கிடையாது.

மெக்கானிக் கார்புரேட்டரைக் கழுவி, பிளக்கை மாற்றி, சாதாரண பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி இழுத்தார். மூன்றாவது இழுப்பில் தெளிப்பான் கிளம்பியது. இந்தப் பட்டம் முடிந்ததும் டாங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் உள்ளதும் தீர்ந்து இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டிவிட்டுத்தான் அதைப் பரணில் ஏற்றி வைத்திருக்கிறான் பையன்.