மைலேஜ் எங்கே தொலைகிறது?

காரில் எரியும் ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழக் கால் பங்கு ஆற்றல்தான் சக்கரங்களுக்குப் போய்ச் சேருகிறது. மீதியில் பெரும்பகுதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாகக் கரைகிறது. சக்கரத்தை எட்டிய கால் பங்கையும் காற்றுத்தடை, டயர் உராய்வு, பிரேக் ஆகிய மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. வெப்ப இழப்பு எஞ்சினின் குணம். மற்ற மூன்றும் பெருமளவு ஓட்டுபவரின் கையில் உள்ளவை.

நகரத்தில் மைலேஜைத் தின்பது பிரேக். 200 மீட்டர் தள்ளிச் சிவப்பு விளக்கு தெரிந்த பிறகும் ஆக்சிலரேட்டரை மிதித்துச் சென்று, அருகில் போய் பிரேக் அடித்தால், பெட்ரோல் செலவழித்துப் பெற்ற வேகம் முழுவதும் பிரேக்கில் சூடாகிப் போகிறது. தூரத்திலேயே காலை எடுத்து, கியரிலேயே வண்டியை உருளவிட்டால், இன்றைய இஞ்செக்‌ஷன் எஞ்சின்களில் எரிபொருள் பாய்வதே நின்றுவிடும். சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலுக்கு மாற்றினாலோ எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் எரிய வேண்டும். இறக்கத்தில் நியூட்ரல் போடுவது கார்ப்பரேட்டர் காலத்துப் பழக்கம். இன்று அதில் மிச்சமில்லை. மலைப்பாதையில் ஆபத்தும் உண்டு.

நெடுஞ்சாலையில் எதிரி காற்று. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 80 கிலோமீட்டரில் செல்லும் கார் 100-ஐத் தொட்டால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. தடையோ ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. கூரையில் காலியாக நிற்கும் கேரியரும் இந்தத் தடையைக் கூட்டும். மெதுவாகப் போகும்போது ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினால் எரிபொருள் மிச்சம். வேகத்தில் திறந்த ஜன்னலே காற்றுக்குத் தடையாகிவிடும்.

காற்று குறைந்த டயர் தரையில் அதிகம் நசுங்கி உருளும். இழுக்க எஞ்சின் கூடுதலாக உழைக்கும். எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். டயர் சூடாவதற்கு முன் அளந்தால்தான் அளவு சரியாக இருக்கும். டிக்கியில் தேவையில்லாமல் கிடக்கும் சுமையை இறக்குவதும், அடைத்த ஏர் ஃபில்டரை மாற்றுவதும் நல்லது.

இந்தியாவில் விளம்பரங்களில் வரும் மைலேஜ், உருளைகள் மேல் காரை நிறுத்தி ஆய்வுக்கூடத்தில் ஓட்டி அளந்தது. சாலையில் கிடைப்பதை அறிய எளிய வழி, டேங்க் நிரப்பி கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, மறுபடி நிரப்பும்போது ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுப்பது. 450 கிலோமீட்டருக்கு 30 லிட்டர் என்றால் மைலேஜ் 15. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் காரில் அந்தப் 15, 17 ஆனால் மாதத்துக்கு ஏறக்குறைய 8 லிட்டர் மிச்சமாகும்.