உங்களுக்குத் தெரியுமா? செம்புக் குழாயின் கனம்

இலுப்பூரில் புதுவீடு கட்டும் கிருகஸ்தர் ஒருவர், சிலிண்டரைச் சமையலறைக்கு வெளியே வைத்து, சுவர் வழியே அடுப்புக்குச் செம்புக் குழாய் கொண்டுவர உத்தேசித்தால், கடையில் முதலில் விசாரிக்க வேண்டியது குழாயின் கனத்தையே; ஏனெனில், அமெரிக்கத் தர வரிசையில் அரை அங்குலக் குழாய், கே, எல், எம் என்ற மூன்று ரகங்களிலும் 15.9 மில்லிமீட்டர் வெளிவிட்டமே உடையதாய்க் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினும், அதன் சுவர்க்கனம் முறையே 1.24, 1.02, 0.71 மில்லிமீட்டராகக் குறைந்துகொண்டே போகிறது. மெல்லிய எம் ரகம் எரிவாயுவுக்கு ஆகாது.

வாயுவில் கந்தகச் சேர்மங்கள் மிகுந்தால் செம்பு கறுத்து அரிக்கப்படுமாதலால், சமையல் வாயுவுக்குரிய இந்தியத் தரமான ஐ.எஸ். 4576, துலக்கிய செம்புத் தகட்டை 38 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம் அதில் வைத்துப் பரீட்சிக்க விதித்திருப்பது மிகவும் விசேஷமான ஏற்பாடு.

குடிநீர்க் குழாயின் இணைப்பில் ஈயம் கலந்த பற்று கூடவே கூடாது. வாயுக் குழாயிலோ, ஈயப்பற்று தீயின் வெப்பத்தில் எளிதில் உருகிவிடும் அபாயம் இருப்பதால், வெள்ளிப் பற்றோ, குழாய் நுனியை விரித்துப் பொருத்தும் பித்தளை இணைப்போதான் உசிதம். அதையும் அனுபவமுள்ள மெக்கானிக்கே செய்யவேண்டும்.