கார்த்திகைக் கடைசியில் ஓர் எரிமீன் மழை

சென்ற டிசம்பரில் ஓர் இரவு, தந்தைக்குத் துணையாக எங்கள் பிரிவில் தங்கியிருந்த இளைஞர் ஒருவர் தாழ்வாரத்தின் கிழக்குச் சன்னலிலிருந்து பதறியோடி வந்தார். "சிஸ்டர், இப்பத்தான் ஒரு நட்சத்திரம் விழுந்துச்சு. அப்பாவை ஒரு தடவை பாருங்க" என்றார். விண்மீன் விழுந்தால் ஓர் உயிர் பிரியும் என்று அவருடைய ஊரில் சொல்வார்களாம். நாங்கள் சென்று நாடியையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்தோம். மாலையில் இருந்த அளவிலேயே இருந்தன. பெரியவரோ விழித்துக்கொண்டு, இந்நேரத்தில் எதற்கு இத்தனை பேர் என்று கேட்டார்.

அந்த அச்சம் அவருக்கு மட்டும் உரியதன்று. எரிமீனைக் கண்டால் மறதி வரும், உடனே பச்சை மரத்தைப் பார்க்கவேண்டும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் எங்களுள்ளும் உண்டு. ஆனால் நோயுற்றவரின் அருகே கண்விழித்திருப்பவருக்கு இத்தகைய பேச்சு வேண்டாத சுமை. ஆகவே அவர் கண்டது என்னவென்று இங்கே எழுதுகிறோம்.

விழுந்தது விண்மீனன்று. ஃபேத்தன் என்னும் சிறுகோள் ஏறத்தாழ 1.4 ஆண்டுகளுக்கு ஒருமுறை கதிரவனைச் சுற்றிவருகிறது. 1983-இல் ஒரு செயற்கைக்கோளின் உதவியால் கண்டறியப்பட்டது. அதன் பாதையில் சிதறிக் கிடக்கும் துகள்களின் ஊடே நம் பூமி ஆண்டுதோறும் டிசம்பரில் கடந்து செல்கிறது. பெரும்பாலும் மணலளவே உள்ள அத்துகள்கள் நொடிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுமண்டலத்தில் புகுந்து, நமக்கு மிக உயரத்திலேயே எரிந்துவிடுகின்றன. அவை மிதுன விண்மீன் கூட்டத்திலிருந்து புறப்படுவன போலத் தோன்றுவதால் ஜெமினிட்ஸ் எனப் பெயர் பெற்றன. நம் புனர்பூச நட்சத்திரம் அக்கூட்டத்தில்தான் இருக்கிறது.

டிசம்பர் 13, 14 ஆகிய நாள்களில் பொழிவு உச்சம் பெறும். இரவு ஒன்பது மணிக்குமேல் கிழக்கு வானில் காணத் தொடங்கலாம். இரண்டு மணியளவில் மிதுனம் தலைக்குமேல் வந்துவிடும். நல்ல இருளில் மணிக்கு நூறுக்கும் மேற்பட்டவை தோன்றக்கூடும். நகர வெளிச்சத்தில் சிலவே கிடைக்கும். வடகிழக்குப் பருவமழையின் மேகம் மூடினால் அதுவும் இல்லை. தொலைநோக்கி தேவையில்லை. கண்கள் இருளுக்குப் பழக அரைமணி நேரம் ஆகும். அதுவரை கைபேசியைப் பார்க்காதிருப்பதே கடினம்.

வீடு திரும்பியவர்கள் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்துப் பார்க்கலாம். இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்பவர்கள் படுத்த நிலையிலிருந்து சட்டென எழ வேண்டாம்; தலைசுற்றும். நீரிழிவு உள்ளவர்கள் இருட்டில் வெறுங்காலுடன் நடக்கலாகாது. ஆஸ்துமா உடையவர்களுக்குப் பனிக்காற்று ஒத்துக்கொள்ளாதிருக்கலாம், சன்னலே போதும். கீமோதெரபி பெறுபவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நலம். எவராயினும் இரவு மாத்திரையை இதற்காகத் தள்ளிப்போடவேண்டாம்.

மறுநாள் இரவு, மருத்துவரின் இசைவு பெற்று, அப்பெரியவரின் கட்டிலைச் சன்னலோரம் நகர்த்தி, அப்பக்கத்து விளக்கை அணைத்தோம். ஒருமணி நேரத்தில் மகன் ஐந்து கண்டதாகச் சொன்னார். பெரியவர் இரண்டுதான் என்றார். மற்ற மூன்றும் விமானம் என்று கடைசிவரை சாதித்தார்.