மீனுக்கு முன் நீர்

கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்க்க விரும்புவோர் பெரும்பாலும் முதலில் மீனைத்தான் வாங்குகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் தில்லியில் நானும் அவ்வாறே செய்தேன். என் மகளுக்காக வட்டக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றும் நான்கு பொன்மீன்களும் வாங்கி வந்தேன். நாள்தோறும் காலையில் பழைய நீரை முழுவதும் கொட்டிவிட்டுக் குழாய் நீரை நிரப்பினேன். நீர் பளிங்குபோல் இருந்தது. ஆயினும் பத்து நாட்களுக்குள் நான்கு மீன்களும் மடிந்தன. "தினமும் தண்ணீர் மாற்றினோமே அப்பா, பின் ஏன் செத்துப்போச்சு?" என்று மகள் கேட்டாள். அன்று என்னிடம் விடையில்லை. அந்த விடையே மீன் வளர்ப்பின் முதற்பாடம் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

மீன் தன் கழிவின் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள்களின் வழியே வெளியிடுகிறது. உண்ணாது எஞ்சிய உணவு அழுகும்போதும் அம்மோனியா உண்டாகும். அது கண்ணுக்குத் தெரியாத நஞ்சு. குளங்களில் ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே, நைட்ரேட்டோ சிறிதளவில் தீங்கற்றது, செடிகளுக்கு உணவாவது. இந்நுண்ணுயிர்கள் கூழாங்கற்களிலும் வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டி வாழ்பவை. புதிய தொட்டியில் இவை பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். என் கிண்ணத்தில் இவற்றுக்கு இருப்பிடமே இல்லை. போதாக்குறைக்கு, குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லக் கலக்கப்படும் குளோரின் மீனின் செவுள்களையும் அரித்துவிடும். நான் தூய்மை என்று எண்ணியதே மீன்களுக்கு எமனாயிற்று.

நீரில் உயிர்களிடையே நிலவும் இச்சமநிலையை இலண்டனில் இராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலறிஞர் தொட்டியிலேயே சோதித்தார். பொன்மீன்களுடன் நீர்ச்செடியை வளர்த்தார். செடியின் அழுகிய இலைகள் நீரைக் கெடுக்கவே, அவற்றைத் தின்ன நத்தைகளை விட்டார். நீர் தெளிந்தது. 1850ஆம் ஆண்டில் அவர் இதனை வெளியிட்டார்.

இனி, தொடங்கும் முறையைக் காண்போம். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி போதும். அது ஐம்பது லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும். ஆகவே உறுதியான மேசை வேண்டும். நேர்வெயில் படும் சன்னலருகே வைத்தால் பாசி மண்டும். கழுவிய கூழாங்கற்களைப் பரப்புங்கள், செடிகளை நடுங்கள், குளோரின் நீக்கிய நீரை ஊற்றுங்கள், காற்றுக் குழாயும் வடிகட்டியும் இடைவிடாது இயங்கட்டும். மீன் இல்லாத தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவு இட்டு, நுண்ணுயிர்கள் பெருகும்வரை பொறுத்திருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் அற்றுவிட்டனவா என்பதைக் கடைகளில் கிடைக்கும் சோதனைத் துளிகள் காட்டிவிடும்.

அதன் பின் ஐந்தாறு வரிக்குதிரை மீன்களை விடலாம். கங்கைப் பகுதியின் நீர்நிலைகளுக்கு உரிய இம்மீனை 1822இல் ஹாமில்டன் என்பவர் தம் நூலில் விவரித்துள்ளார். ஒன்றரை அங்குலமே வளரும், கூட்டமாக வாழும், ஓரளவு குளிரையும் தாங்கும். எனினும் தில்லியின் மார்கழிக் குளிருக்குச் சிறிய ஹீட்டர் ஒன்று தேவை.

இரண்டு நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவே உணவிடுக. வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றுக. வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுக. மீன்கள் வேண்டாமெனில் ஏரி குளங்களில் விட்டுவிடாதீர்கள். தொட்டி மீனாக வந்த தென் அமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளுத்தி இன்று நம் நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் பரவி, மீனவர் வலைகளையும் கிழிக்கிறது.

இரண்டாம் முறை எங்கள் தொட்டி ஆறு வாரம் மீனின்றியே இருந்தது. வந்தவரெல்லாம், "மீன் எங்கே?" என்று வினவினர். "இப்போது தண்ணீரை வளர்க்கிறோம்" என்று மகள் விடை கூறினாள். நேயர்களே, மீன் வளர்ப்பின் இரகசியம் முழுவதும் அவ்விடையில் அடங்கியிருக்கிறது.