முயலின் பல் ஏன் வளர்ந்துகொண்டே இருக்கிறது?

முயலுக்கு மொத்தம் 28 பற்கள். அத்தனையும் ஆயுள் முழுக்க வளர்பவை. முன்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் நீள்கின்றன. காரணம் அதன் உணவு. புல்லில் உள்ள சிலிக்கா அரம்போலப் பல்லைத் தேய்க்கும். தேய்வுக்கு ஈடாக வளராவிட்டால் முயலுக்குச் சீக்கிரமே பொக்கைவாய்தான்.

கூண்டு முயலுக்குத் தொல்லை நேர்மாறானது: பல் வளர்கிறது, தேய்வதில்லை. பெல்லட் தீவனம் நாலு கடியில் நொறுங்கிவிடும். கார்ட்டூன் புகழ் கேரட்டோ எப்போதாவது தரவேண்டிய இனிப்புப் பண்டம். புல் தின்னும்போது மட்டுமே தாடை பக்கவாட்டில் அசைந்து நெடுநேரம் அரைக்கிறது. அந்த அரைப்பு குறைந்தால் கடைவாய்ப் பல்லின் ஓரம் முள்ளாக நீளும்; கீழ்ப்பல் நாக்கையும் மேல்பல் கன்னத்தையும் குத்தும். மோவாய் முடி எச்சிலில் நனைந்து சடையாகும். மேல்பல்லின் வேர் கண்ணீர்க் குழாயை நெருக்குவதால் கண்ணிலும் நீர் வடியும்.

வலியில் முயல் தின்ன மறுக்கும். ஆபத்து அங்கேதான்: இரை உள்ளே போகாவிட்டால் குடல் அசைவு மந்தமாகி, வாயு சேர்ந்து வயிறு உப்பும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. அரை நாள் தின்னாமல், புழுக்கையும் போடாமல் கிடந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் போகவேண்டும்.

நீண்ட முன்பல்லை நகவெட்டியால் நறுக்கினால் வேர்வரை விரிசல் விடும். மருத்துவர் சுழல் கருவியால் ராவுவார். கடைவாய்ப் பல்லுக்கு மயக்க மருந்தும் தேவை. குட்டை முக இனங்களில் தாடையே பிறவியில் பொருந்தாமல் இருக்கலாம். அவற்றுக்கு எவ்வளவு புல் போட்டாலும் சில வாரங்களுக்கு ஒருமுறை ராவவேண்டி வரும்.