நூதனசாலையும் நம்மூர்க் குளமும்

நூதனம் என்றால் புதுமை. ஆயினும், நம் நாட்டில் நூதனசாலை என்று பெயர் பெற்ற இடங்களில் இருப்பனவெல்லாம் பழம்பொருள்களே. இப்பெயரைக் கண்டு நகைப்பவர் உளர். சற்று ஆழ்ந்து நோக்கின் பெயரிற் குற்றமில்லை என்பது புலனாகும். நாம் அதுவரை அறியாத செய்தியொன்றைப் பழம்பொருள் கூறுமாயின், அது நமக்குப் புதுமையேயன்றோ?

வவுனியா நகரில் தொல்பொருள் திணைக்களத்தின் நூதனசாலை ஒன்று உண்டு. 1877ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையின் பெருமிதத்தை அங்கே எதிர்பார்த்தல் கூடாது. சுண்ணக்கல்லிற் செதுக்கிய பழைய புத்தர் சிலைகளும், கிளிநொச்சிப் பகுதியிற் கிடைத்த சுடுமண் உருவங்களும் அங்கே உள்ளன. விடுமுறை நாளிற் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், “இது என்ன? இதற்கு எத்தனை வயது?” என்று அவர்களைக் கேட்கச் செய்வர். நல்ல கேள்விகளே. ஆனால், அவற்றினும் முதன்மையான கேள்வியொன்று உண்டு. “இஃது எங்கே கிடைத்தது?” என்பதே அது.

ஓர் உடைந்த பானையோட்டை எடுத்துக்கொள்வோம். தனியே மேசைமீது கிடக்கும்போது அது வெறும் ஓடு. மண்ணுக்குள் எந்தப் படையில், எதன் அருகில், எவ்வளவு ஆழத்தில் அது கிடந்தது என்பது தெரிந்தால், அவ்வோடு பேசத் தொடங்கிவிடும். பக்கத்திற் கரியும் சாம்பலும் இருந்தால் அங்கே அடுப்பு எரிந்திருக்கலாம். எலும்பும் மணிகளும் இருந்தால் அஃது ஈமக்குழியாகலாம். இடத்தினின்றும் பிரித்தெடுத்த பொருள், முகவரி கிழிந்த கடிதத்தை ஒத்தது.

இவ்வுண்மையை உலகிற்கு நன்கு உணர்த்திய சிற்றூர் ஒன்று ஐரோப்பாவில் இருக்கின்றது. ஒஸ்திரியா நாட்டில், உயர்ந்த மலைக்கும் ஆழ்ந்த ஏரிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஹால்ஸ்டாட் என்னும் ஊரே அது. அங்குள்ள குடிகள் ஆயிரம் பேருக்கும் குறைவு. ஊருக்கு மேலேயுள்ள மலையில் உப்புச் சுரங்கம் உண்டு. கடல்நீரை வெயிலிற் காயவைத்து எடுக்கும் ஆனையிறவு உப்பை அறிந்த நமக்கு, மலையைக் குடைந்து உப்பெடுத்தல் வியப்பாகவே தோன்றும். அச்சுரங்கத் தொழில் அங்கே மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது. உப்பிற் புதைந்த மரமும் தோலும் துணியும் இன்றும் அழியாதிருக்கின்றன. 2003ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்ட மரப்படிக்கட்டு ஒன்று கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

1846ஆம் ஆண்டில் அச்சுரங்கத்தின் மேலாளராயிருந்த ராம்சவுர் என்பவர் மலைப்பள்ளத்தாக்கிற் பழைய புதைகுழிகளைக் கண்டார். அக்காலத்தில் இத்தகைய இடங்களைத் தோண்டியோர் பலர் பொன்னையும் வெண்கலத்தையும் மட்டும் பொறுக்கிச் சென்றனர். ராம்சவுர் அவ்வாறு செய்தாரில்லை. 1863ஆம் ஆண்டுவரை ஏறத்தாழ 980 குழிகளைத் தோண்டி, எலும்பு கிடந்த நிலையையும் அருகிலிருந்த பொருள்களையும் குழிவாரியாகக் குறித்து வைத்தார், வண்ணப்படங்களும் வரைவித்தார். அக்குறிப்புகளின் பயனாகவே ஐரோப்பாவின் இரும்புக்காலத்து முற்பகுதி “ஹால்ஸ்டாட் காலம்” என்று வழங்கலாயிற்று. ஒரு சிற்றூர் ஒரு யுகத்திற்கே பெயர் கொடுத்தது. இன்று அங்கே செல்வோர் ஊர் நூதனசாலையில் அவ்வூர்ப் பொருள்களையே கண்டு களிக்கின்றனர்.

அந்தப் பெருமை தொலைதூரத்து ஊருக்கு மட்டும் உரியதன்று. நம் இரணைமடுவின் பெயரும் அறிவியலில் இடம்பெற்றிருக்கின்றது. இலங்கையின் வரண்ட கரையோரப் பகுதிகளிற் காணப்படும் தொன்மையான பரல், செம்மண் படிவுகளை அறிஞர் “இரணைமடுப் படிவு” என்றே அழைப்பர். தென்னிலங்கையில் பூந்தலப் பகுதியில் இவ்வகைப் படிவிற் கிடைத்த கற்கருவிகள் ஏறத்தாழ 1,25,000 ஆண்டுகள் பழமையானவை என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். இரணைமடு என்றதும் நெல்லையும் நீரையும் நினைக்கும் நம் மாணவருள் எத்தனை பேர் இதனை அறிவர்?

குளங்களின் செய்தியும் இத்தகையதே. நீர்ப்பாசன எந்திரியாக இந்நாட்டிற் பணியாற்றிய என்றி பார்க்கர், 1909ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிற் பழைய கட்டடங்களின் செங்கற்களை அளந்து ஆராய்ந்தார். மிகப் பழைய செங்கற்கள் பருத்தவை. காலம் செல்லச் செல்ல அவற்றின் அளவு குறைந்துவந்தது. இதனைக்கொண்டு அவர் குளங்களின் காலத்தை உய்த்துணர முயன்றார். அவர் ஆராய்ந்தவற்றுள் வவுனிக்குளமும் பாவற்குளமும் அடங்கும். பழைய துருசின் அருகே கிடக்கும் செங்கல்லொன்றை அடுப்புக்கென்று ஒருவர் தூக்கிச் செல்வாராயின், அக்குளத்தின் வயதையே அவர் தூக்கிச் செல்கின்றார் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

கல்வெட்டுக்கும் இடமே உயிர். வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்திற் கற்குகைகளிற் பிராமி எழுத்துச் சாசனங்கள் உள்ளன. கிறித்துவுக்கு முற்பட்ட அவை பிராகிருத மொழியில் அமைந்தவை. விசாகன் என்னும் தமிழ் வணிகனின் பெயர் அவற்றிலே காணப்படுகின்றது. பௌத்தத் துறவியர் தங்குதற்கு அவன் குகையை அமைத்துக்கொடுத்தான். இன்று “எம்முடையது, உம்முடையது” என்று பழம்பொருள்களை வைத்துப் பூசலிடுவோர், அக்குகை வாயிலிற் சற்று நின்று அவ்வரியை எண்ணிப் பார்த்தல் நன்று. தமிழன் ஒருவன் பௌத்தத் துறவியர்க்கு உறைவிடம் அளித்த செய்தியைக் கல்லே பாதுகாத்து வைத்திருக்கின்றது.

மண்ணிற் கிடக்கும் பொருளுக்குப் போலவே மனத்திற் கிடக்கும் நினைவுக்கும் இடம் உண்டு. 1895ஆம் ஆண்டில் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றிப் பெருநூலொன்று வெளியிட்டார். அக்காலத்து ஊர்களையும் குளங்களையும் வழக்கங்களையும் இன்று நாம் அறிதற்கு அந்நூல் துணைபுரிகின்றது. அவருக்குச் செய்தி சொன்னவர்கள் நம் ஊர்ப் பெரியோரே. அத்தகைய பெரியோர் பலரை நாம் இழந்துவிட்டோம். 2008, 2009ஆம் ஆண்டுகளிற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் வீடும் வயலும் விட்டு இடம்பெயர்ந்தபோது, உயிர்களோடு உறுதிகளும் படங்களும் ஏடுகளும் அழிந்தன. மீண்டு வந்த பிள்ளைக்குத் தன் ஊர்க்குளம் தெரியும்; அதன் அலைகரையிலிருந்த பழைய மேட்டின் பெயரோ, வயற்றுண்டின் பெயரோ தெரியாது. அவற்றைக் கூறக்கூடிய பாட்டனும் பாட்டியும் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றார்கள்.

ஆதலால், மாணவர்களே, நூதனசாலையைப் பார்த்து வீடு திரும்பியதும் ஒரு கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்க்குளத்தின் படத்தை வரையுங்கள். துருசு எங்கே, வான் எங்கே, கட்டின் மேல் உள்ள கோயில் எது, ஒவ்வொரு வயலுக்கும் என்ன பெயர், அப்பெயர் ஏன் வந்தது என்று அப்பு, அம்மம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். சொன்னவர் யார், எந்நாளிற் சொன்னார் என்பதையும் குறித்து வையுங்கள். ராம்சவுர் செய்தது இதனையே.

கிணறு வெட்டும்போதோ வயல் உழும்போதோ பழைய ஓடு, காசு, சிலை முதலியன வெளிப்பட்டால் அவற்றைக் கழுவவும் வேண்டாம், இடம் மாற்றவும் வேண்டாம். ஆசிரியருக்கும் கிராம அலுவலருக்கும் உடனே கூறித் தொல்பொருள் திணைக்களத்திற்கு அறிவிக்கச் செய்க. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டமும் கண்டெடுத்தவர் அறிவித்தல் வேண்டும் என்றே விதிக்கின்றது. பொருள் பின்னர் எந்த நூதனசாலைக்குச் சென்றாலும் செல்லட்டும். அதன் கீழே எழுதும் சிறு சீட்டில் நம் ஊரின் பெயரும் அது கிடந்த வயலின் பெயரும் பிழையின்றி இடம்பெறவேண்டும்.